மனத்திற்கு இட்ட கட்டளை: கொள்கையுரை என்ற நோக்கில் பாரதியாரின் புதிய ஆத்திசூடி

முன்னுரை

பாரதியாரின் புதிய ஆத்திசூடியைப் பற்றி நம்மிடையே நிலவும் கருத்து ஏறக்குறைய முடிந்துபோன ஒன்றாகவே உள்ளது. ஔவையாரின் ஆத்திசூடி பழைய அறத்தைச் சொன்னது. பாரதியார் அதே வடிவத்தில் புதிய காலத்திற்குரிய அறத்தைச் சொன்னார். மாணவர்கள் அதனை மனனம் செய்தல் வேண்டும். பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் இம்மூன்று தொடர்களைத் தாண்டிச் செல்வது அரிது. ஒப்பீட்டுக் கட்டுரைகளும் சினத்தைத் தணிக்கச் சொன்ன ஔவையாரையும் சினத்தைக் கற்கச் சொன்ன பாரதியாரையும் எதிரெதிரே நிறுத்தி, காலமாற்றம் என்னும் விடையோடு அமைதி கொள்கின்றன.

இந்நூல் இவ்வாறு படிக்கப்படுவதற்குப் பதிப்புமுறையும் ஒரு காரணமாகும். பரவலாக வழங்கும் பாரதியார் கவிதைத் தொகுப்புகளில் புதிய ஆத்திசூடி, பல்வகைப் பாடல்களுள் 'நீதி' என்னும் தலைப்பின்கீழ், பாப்பாப் பாட்டுக்கும் முரசுக்கும் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளது. கவிஞர் தம்மைப் பற்றிப் பேசும் சுயசரிதை வேறொரு பிரிவில் உள்ளது. இந்த இடவைப்பே படிப்பவருக்கு ஒரு முன்முடிவைத் தந்துவிடுகிறது. பாப்பாவுக்குச் சொன்னவரே இதையும் பாப்பாவுக்குச் சொன்னார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

புதிய ஆத்திசூடி பிறருக்கு உரைத்த நீதிநூல் என்பதைவிட, ஒருவர் தம் வாழ்வை நடத்துதற்குத் தமக்கே எழுதிக்கொண்ட கொள்கையுரை என்பதே பொருந்தும் என இக்கட்டுரை வாதிடுகிறது. அவ்வாறு படிக்கும்போது நூலில் நாம் இதுகாறும் குறையென்றோ மிகையென்றோ கருதிவந்த பல கூறுகள் வேறு பொருள் பெறுகின்றன. வகுப்பறையில் அதனைக் கையாளும் முறையும் மாறவேண்டியுள்ளது.

யார் யாருக்குச் சொல்வது?

கொள்கையுரையில் முதலில் நோக்கத்தக்கது அதன் இடம். அதாவது தன்மையா, முன்னிலையா, படர்க்கையா என்பது. இலக்கணச் செய்தியாகத் தோன்றும் இது உண்மையில் நூலின் உயிர்நிலையைத் தொடுகிறது.

தமிழில் தன்மையில் அமைந்த கொள்கையுரைகள் பழமையானவை. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல் (192) அவற்றுள் தலையாயது. நாம் அதன் முதலடியை மட்டும் எடுத்து வளைவுகளிலும் அழைப்பிதழ்களிலும் பொறித்துவிட்டோம். பாடலோ ஒரு நீண்ட காரண வாதம். வாழ்வின் போக்கை ஆற்றுவெள்ளத்தில் செல்லும் புணையோடு ஒப்பிட்டு, அதைத் தெளிந்தமையால் பெரியோரை வியப்பதில்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிகிறது. அது தன்மைப் பன்மையில் பேசுகிறது. கட்டளை ஒன்றும் இடுவதில்லை. தெளிந்தாயிற்று, ஆகவே இவ்வாறு இருக்கிறோம் என்று அறிவிக்கிறது. பல்லவ மன்னனின் அழைப்பை மறுத்துத் திருநாவுக்கரசர் பாடியதாகப் பெரியபுராண மரபு கூறும் பதிகமும் இவ்வகையினதே. அதுவும் அடைந்துவிட்ட ஒரு நிலையிலிருந்து எழும் அறிவிப்பாகும்.

மலேசியப் பள்ளி மாணவர் சபைகூடலில் ஓதும் ருக்குன் நெகாராவும் தன்மைப் பன்மையில் அமைந்ததே. 1969 மே 13 கலவரத்திற்குப் பின்னர், 1970 ஆகஸ்டு 31ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அத்தேசியக் கோட்பாட்டில் மலேசிய மக்களாகிய நாங்கள் உறுதி கூறுகிறோம் என்ற பின்னரே ஐந்து கோட்பாடுகளும் வரும். அது கூட்டாக எடுக்கும் உறுதிமொழி. 'நாங்கள்' என்னும் சொல்லுக்குள் தனியொருவர் ஒளிந்துகொள்ள இடமுண்டு. உறுதிமொழிகளின் இயல்பே அது, குறையாகச் சொல்லவில்லை.

ஆத்திசூடி வடிவமோ முன்னிலை ஏவல். ஏவல் என்றவுடன் மூத்தோர் இளையோருக்கு இடும் ஆணை என்றே நம் மனம் கருதுகிறது. ஆயின் தமிழ் மரபில் முன்னிலை எப்பொழுதும் பிறரைக் குறிப்பதில்லை. தன் நெஞ்சைத் தனியே நிறுத்தி அதனோடு பேசும் முறை சங்க அகப்பாடல்களிலிருந்தே உண்டு. திருக்குறளில் 125ஆம் அதிகாரத்தின் பெயரே நெஞ்சொடு கிளத்தல். நம்மாழ்வாரின் பெரிய திருவந்தாதி நெஞ்சை விளித்துப் பேசுகிறது. பட்டினத்தார் பாடல்களிலும் நெஞ்சை நோக்கிய பகுதிகள் உள. இவற்றினும் நமக்கு நெருங்கிய சான்று ஒன்றுண்டு. தமிழ்ப்பள்ளிகளில் இளஞ்சிறாருக்குக் கற்பிக்கும் உலகநீதியை எடுத்துக்கொள்வோம். அடிதோறும் 'வேண்டாம், வேண்டாம்' என்று விலக்கிச் செல்லும் அந்நூலின் பாடல்கள் பெரும்பாலும் 'நெஞ்சே' என்னும் விளியோடு முடிகின்றன. ஆசிரியர் மாணவனைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் அவ்விலக்குகள் யாவும் வடிவ அளவில் உலகநாதர் தம் நெஞ்சுக்குச் சொன்னவை. நாம் கற்பிக்கும்போது அவ்விளியை ஓசைநிறைவுக்கு வந்த அசைபோலக் கடந்துவிடுகிறோம்.

பாரதியாரும் இம்மரபை நன்கறிந்தவர். 'மனத்திற்குக் கட்டளை' என்றே ஒரு பாடலுக்குப் பெயர் உள்ளது. 'மனப்பெண்' என்னும் பாடலில் மனத்தைப் பெண்ணாக்கி நேர்நின்று பேசுகிறார். ஆகவே ஆத்திசூடியின் ஏவல் வடிவையும் நெஞ்சை விளிக்கும் மரபையும் ஒன்றாக்கிக் கொள்வது அவருக்கு அரிய செயலன்று. புதிய ஆத்திசூடியில் 'நெஞ்சே' என்னும் விளி இல்லைதான். ஆயின் 'நீ' என்னும் முன்னிலைப் பெயர் வெளிப்படையாக வரும் இடம் ஒன்று உண்டு. அது தகர வரிசையில், கேட்பவரையே தெய்வம் என உணரச் சொல்லும் கட்டளை. ஏனைய இடங்களிலெல்லாம் வினைமுற்றுக்குள் மறைந்துநிற்கும் 'நீ', அங்கு மட்டும் பெயராக எழுந்து நிற்கிறது. எழுத்துக்கூட்டும் பருவத்துச் சிறுவனை நோக்கி இதைச் சொல்லலாம். ஆனால் வேதாந்தத்தில் ஊறிய ஒருவர் தம்மையே நோக்கிச் சொல்லிக்கொள்ளும்போதுதான் அது நிலைகொள்கிறது.

நூலின் தொடக்கத்து வாழ்த்துப் பாடலோடு இதை இணைத்துக் காணவேண்டும். அதில் சிவன், திருமால், நபிகளுக்கு மறை அருளியவன், ஏசுவின் தந்தை எனப் பல சமயத்தார் பலவாறு போற்றும் பரம்பொருள் ஒன்றே என்று கூறி, அதன் அருளால் நாம் உயர்வாழ்வு எய்துவோம் என்று தன்மைப் பன்மையில் முடிக்கிறார். நம்பிக்கையைக் கூறுமிடத்தில் 'நாம்'. நடக்கையைக் கூறுமிடத்தில் 'நீ'. இம்மாற்றம் தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை.

மேலைநாட்டில் இதற்கு நேரான சான்று உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் (ஆட்சி 161-180) கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகள். அவையும் பெரும்பாலும் முன்னிலையில் அமைந்தவை. பேரரசர் ஏவலிட்டது தமக்கே. வெளிநாட்டில் ஆய்வு மாணவனாக இருந்தபோது அக்குறிப்புகளை மொழிபெயர்ப்பில் படிக்க நேர்ந்தது. படித்த மாத்திரத்தில் என் நினைவுக்கு வந்தது புதிய ஆத்திசூடியே. தன்மையில் அமையும் கொள்கையுரை எய்திய தெளிவை அறிவிக்கிறது. முன்னிலையில் அமைவதோ இன்னும் எய்தாததைப் பயிலச் செய்கிறது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நூலுக்குள் செல்வோம்.

திரும்பத் திரும்ப வருவன

புதிய ஆத்திசூடியில் 110 கட்டளைகள் உள்ளன. அவற்றுள் அச்சத்தைப் பெயர்சுட்டி விலக்குவன ஆறு. முதல் கட்டளையே அச்சத்தைப் பற்றியது. பின்னர்க் கீழ்மக்களுக்கு, சாவுக்கு, தீயோருக்கு, பழமைக்கு, பேய்களுக்கு என ஐந்து வேறு முகங்களில் அது திரும்ப வருகிறது. சோர்வையும் தளர்ச்சியையும் விலக்குவன நான்கு. ஔவையாரின் முதல் கட்டளை அறம் செய்தலைப் பற்றியது. பாரதியாரின் முதல் கட்டளைக்கு முன்பே ஏதோ ஓர் அச்சம் வந்து நின்றுகொண்டிருக்கிறது.

நீதிநூல் என்ற அளவில் நோக்கினால் இது கூறியது கூறல் என்னும் குற்றமாகும். 110 இடங்களில் ஆறினை ஒரே பொருளுக்குச் செலவிட்டவர் பெற்றோரைப் பேணுவதற்கு ஓரிடமும் ஒதுக்கவில்லை. ஔவையார் அதனை மறக்கவில்லை. ஐந்தாம் வயதில் தாயையும் (1887) பதினாறாம் வயதில் தந்தையையும் (1898) இழந்த பாரதியாருக்கு அக்கட்டளையை நிறைவேற்றும் வாய்ப்பு இல்லாமற்போனது. உலகுக்கு நீதி சொல்பவர் அதை விட்டிருக்கமாட்டார். தமக்குத் தேவையானதை எழுதுபவர் விடலாம்.

இன்னும் சில கட்டளைகளைக் காண்போம். முதுமைக்கு இடந்தர வேண்டா என்கிறது ஒன்று. மருந்தைச் சுருக்கிக்கொள் என்கிறது மற்றொன்று. நெற்றியில் கவலைக்கோடு விழவிடாதே என்கிறது வேறொன்று. செல்வத்தை வளர்த்துக்கொள்ளச் சொல்கிறது. வறுமையால் அழிந்துபோகாதே என்கிறது. அழுகையை விடு என்கிறது. உணவை நன்கு விரும்பி உண்ணச் சொல்கிறது. ஏழு வயதுக் குழந்தை நெற்றி சுருக்குவதில்லை. முதுமையைப் பற்றி அதற்குக் கவலை ஏது? இக்கட்டளைகளுக்கு உரிய ஆள் முப்பதுகளில் இருக்கும், கடன்பட்ட, இரவில் உறங்காத ஒரு குடும்பத் தலைவன்.

அத்தகைய ஒருவனைப் பாரதியாரின் உரைநடையிலேயே காணலாம். 1908இல் புதுச்சேரிக்குச் சென்ற பாரதியார் அங்குப் பத்தாண்டுகள் வாழ்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடைசெய்யப்பட்ட 'இந்தியா' இதழ் 1910இல் நின்றது. வருவாய் குன்றியது, ஒற்றர்களின் கண்காணிப்பு குறையவில்லை. அக்காலத்தில் நாட்குறிப்புப் போல எழுதிய 'சித்தக்கடல்' என்னும் பகுதியில், குழந்தையின் காய்ச்சலும் கடன்காரர் தொல்லையும் அன்றாட அரிசிக் கவலையும் பராசக்தியின்முன் முறையீடாக வைக்கப்படுகின்றன. அதே எழுத்தில், இனி இவ்வாறு நடப்பேன், இதை விடுவேன் என்று தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும் முயற்சியும் காணப்படுகிறது. 'சித்தக்கடல்' தன்மையில் புலம்புகிறது. புதிய ஆத்திசூடி அதே கவலைகளுக்கு முன்னிலையில் மறுமொழி தருகிறது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வழக்கம் நம் பாடத்திட்டங்களில் இல்லாமற்போனது வருந்தத்தக்கது. ஒன்றை உரைநடை என்றும் மற்றதை நீதி இலக்கியம் என்றும் பிரித்து, வெவ்வேறு பருவங்களில் கற்பித்துவிடுகிறோம்.

ஒருவர் எதைத் தமக்கு அடிக்கடி சொல்லிக்கொள்கிறாரோ அதில்தான் அவருக்கு இடர் உள்ளது. ஆகவே ஆறு முறை வரும் அச்ச விலக்கை வீரத்தின் முழக்கமாக மட்டும் விளக்குவது பாதி உண்மையே.

எழுத்து தந்த கொள்கை

அகரவரிசை என்னும் கட்டுப்பாடு மனனத்திற்கு உதவுவது என்பது பொதுவான விளக்கம். கொள்கையுரையில் அதற்கு வேறொரு பணியும் உண்டு. வரிசையை எழுத்து முடிவுசெய்வதால் எழுதுபவர் தம் கொள்கைகளைத் தரப்படுத்தி ஒழுங்கு செய்ய இயலாது. ஒன்றோடொன்று மாறுபடுவன அருகருகே வந்து நிற்கும். உணவை மிகவும் விரும்பச் சொன்ன சில வரிகளுக்குள்ளேயே ஐம்பொறிகளை ஆளச் சொல்கிறது. மௌனத்தைப் போற்றச் சொன்ன நூல் வகர வரிசையில் வெடித்தாற்போலப் பேசச் சொல்கிறது. எல்லாரையும் மதிக்கச் சொன்னபின் உலோபியை இகழச் சொல்கிறது. திறனாய்வாளர் சிலர் இவற்றைச் சமன்செய்ய உரைநயம் காட்டுவர். அது தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு மனிதனின் உண்மையான கொள்கைகள் இவ்வாறுதான் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும். தத்துவ நூல் மட்டுமே மோதாமல் இருக்கும்.

ரகர வரிசை தனியே நோக்கத்தக்கது. தமிழ்ச்சொல் ரகரத்தையும் லகரத்தையும் முதலாகக் கொண்டு வாராது என்பது இலக்கணம். ஔவையார் அவ்வெழுத்துகளுக்கு முன்னே ஓர் உயிரைச் சேர்த்து மரபைக் காத்தார். பாரதியாரோ ரசம், ராஜஸம், ரீதி, ருசி, ரூபம் என வடசொற்களை அவ்வாறே முதலில் நிறுத்தினார். லகரத்தில் ஓரிரு இடங்களில் உகரத்தைத் துணைக்கு அழைத்தார். தனித்தமிழ் நோக்கினர் இதனை ஏற்கமாட்டார். என் கவனம் வேறொன்றில் உள்ளது. நூலிலேயே மிகவும் புகழ்பெற்றதும் இன்று சட்டைகளிலும் வாகனங்களின் பின்புறத்திலும் எழுதப்படுவதுமான கட்டளை 'ரௌ' என்னும் எழுத்தில் பிறந்தது. அவ்வெழுத்தை முதலாகக் கொண்ட சொல் எத்தனை உள்ளன? ரௌத்திரம் அன்றி, ரௌரவம் என்னும் நரகத்தின் பெயர்தான் எளிதில் நினைவுக்கு வரும். எழுத்து கேட்டது, சொல் வந்தது, கொள்கை பிறந்தது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பாரதியார் ரகரத்தில் எல்லா உயிர்மெய்களையும் நிரப்பவில்லை; ரி, ரெ, ரை, ரொ ஆகியவற்றை விட்டுவிட்டார். ஙகர வரிசையை முழுவதுமாகவே விட்டார். ஆகவே ரௌகாரத்தையும் விட்டிருக்கலாம். விடவில்லை. இம்மறுப்பு என் கருத்தை வலுப்படுத்தவே செய்கிறது. எழுத்து ஒரு சொல்லை நீட்டியது. அதனை வாங்கிக்கொள்ள மனத்தில் ஏற்கெனவே இடம் இருந்தது. கட்டுப்பாடு இல்லாமல் வெள்ளைத்தாளில் தம் கொள்கைகளை எழுத அமர்ந்திருந்தால் சினத்தை ஒரு கொள்கையாக எழுதத் துணிந்திருப்பாரா என்பது ஐயமே.

அக்கட்டளையின் வினைச்சொல்லும் கருதத்தக்கது. சினங்கொள் என்று கூறாமல் பழகச் சொல்கிறார். ரௌத்திரம் வடமொழிச் சுவைக் கோட்பாட்டில் ஒரு சுவையின் பெயர். தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் வெகுளி அதற்கு இணையானது. ஆகவே அது பயின்று அடையவேண்டிய ஒரு நிலை. கட்டவிழ்ந்த கோபம் ஆகாது. பழகு, பயில், பயிற்சி, தேர்ச்சி என்னும் சொற்கள் நூல் முழுவதும் விரவிக் கிடக்கின்றன. நீதிநூல், வரலாறு, வானியல், சுவை, போர், விரைவுத்திறன் ஆகிய யாவும் பயிலவேண்டியனவாகவே சொல்லப்படுகின்றன. பெஞ்சமின் பிராங்கிளின் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரத்திற்கொன்றாக எடுத்துக்கொண்டு, தவறிய நாளில் ஏட்டில் கரும்புள்ளி இட்டு வந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறுகிறார். பாரதியாரிடம் கட்டமும் புள்ளியும் இல்லை. கணக்குப் பார்க்கும் குணம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை எனலாம். ஆயினும் நற்பண்பைப் பயிற்சியாகக் கருதும் நோக்கு இருவருக்கும் பொதுவே.

பாரதியாரைப் பின்பற்றி எழுந்த ஆத்திசூடிகள் சில உள. பாரதிதாசன் எழுதிய ஆத்திசூடியும் வ.சுப. மாணிக்கனாரின் தமிழ்சூடியும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அவை மொழிக்கும் சமுதாயத்திற்கும் வழிகாட்ட எழுந்தவை. அந்நோக்கில் அவை சிறப்புடையன. எழுதியவரின் நெற்றிச் சுருக்கத்தை அவற்றில் காண இயலாது.

நிபோங் திபாலில் இதைப் படித்தல்

இத்தகைய வாசிப்பால் வகுப்பறைக்கு விளையும் பயன் யாது என்னும் வினாவைத் தமிழாசிரியர்கள் எழுப்புவது நியாயமே. பினாங்கு மாநிலத்தின் தலைநிலப்பகுதியில், தென் செபராங் பிறை மாவட்டத்தில் உள்ள நிபோங் திபால் வட்டாரத்தை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். அங்குப் பணிபுரியும் ஆசிரியர் சிலரோடு இந்நூலைப் பற்றி உரையாடும் வாய்ப்புக் கிட்டியது என்பது ஒரு காரணம். அவ்வூரின் வரலாறு இந்நூலுக்கு ஒரு தனிப்பொருள் தருகிறது என்பது மற்றொரு காரணம்.

19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் இத்தென்பகுதி கரும்புத்தோட்டங்களின் நிலம். ஒப்பந்தத் தொழிலாளராகத் தமிழர் இங்குக் கொண்டுவரப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பின்னர்ச் செம்பனை வந்தது. தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கிநிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இவ்வட்டாரத்தில் உள்ளன. பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒரு சான்று. பீஜித் தீவின் கரும்புத்தோட்ட இந்துப் பெண்களின் துயரைப் பாரதியார் பாடியதை நாம் அறிவோம். நிபோங் திபாலின் கரும்பும் அதே வரலாற்றின் ஒரு கிளையே.

பாரதியாரின் கட்டளைகளுள் உடலின் நிலையைப் பற்றியன பல. காளையைப் போல நடக்கச் சொல்வதும், மலையென நிமிரச் சொல்வதும், தாழ்ந்து நடப்பதை விலக்குவதும் அவ்வகையின. மாணவர்க்கு இவற்றை உவமையாக விளக்கிவிடுகிறோம். தோட்ட வாழ்வில் இவை உவமையாக இருக்கவில்லை. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்பது மலாயாத் தோட்டங்களில் நடைமுறையாக இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு, அவ்வாறு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. அப்போராட்டத்தில் முன்னின்ற ஆர்.எச். நாதன் நாடுகடத்தப்பட்டார். இதனைப் பாரதியார் பாட்டின் விளைவு என்று கொள்ளுதல் மிகை. ஆயினும் தாழ்ந்து நடத்தல் என்பது உடலால் செய்யப்பட்ட ஒரு செயல் என்பதை அவ்வரலாறு நமக்கு விளக்குகிறது. பாட்டனாரின் கதையைக் கேட்டுவரும்படி மாணவரை அனுப்பிய பின் அவ்வரியைக் கற்பித்தால் உரைநூல் தேவைப்படாது.

இனி, ஆசிரியர்கள் கூறிய இடர்ப்பாட்டிற்கு வருவோம். மாணவரிடம் 'என் வாழ்க்கைக் கொள்கை' என்று கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பு முழுவதும் ஒரே கட்டுரை வருகிறது. உழைப்பே உயர்வு, பெற்றோரை மதிப்பேன், நாட்டுக்கு நற்குடிமகனாக இருப்பேன். பிழையற்ற தொடர்கள், புள்ளிகளும் கிடைக்கின்றன. எழுதியவர் யார் என்பது மட்டும் அவற்றில் தெரிவதில்லை. இதற்கு மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. எஸ்.பி.எம். நன்னெறிக் கல்வித் தேர்வுக்காக 36 விழுமியங்களின் வரையறைகளைச் சொல் பிசகாமல் மனனம் செய்த தலைமுறையினரே இன்று ஆசிரியராகவும் உள்ளனர். விழுமியம் என்பது விடைத்தாளில் எழுதவேண்டிய ஒன்று என்று கற்றவர்கள் நாம்.

ஆசிரியை ஒருவர் வேறு வழியை முயன்று பார்த்தார். முதலில் மாணவரைத் தம் அச்சங்களையும் அடிக்கடி சொல்லும் சாக்குகளையும் யாரிடமும் காட்டவேண்டாத ஒரு தாளில் எழுதச் செய்தார். அடுத்த நாள் அத்தாளைப் பார்த்துக்கொண்டே அகரவரிசையில் தமக்குத்தாமே கட்டளை இடச் சொன்னார். வந்தவற்றுள் சிலவற்றை எனக்குக் காட்டினார். யாப்பு இல்லை, மொழித்தூய்மையும் இல்லை. பாரதியாரின் இரண்டாம் கட்டளை ஆண்மையைப் பற்றியது. ஆளும் தன்மை என்று விரித்துப் பொருள் கூறினாலும் மாணவியர்க்கு அது அந்நியமாகவே நிற்கும் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்விடத்தில் ஒரு மாணவி 'ஆமாம்சாமி போடேல்' என்று எழுதியிருந்தாள். ஐகாரத்தில் ஒருவன் 'ஐயம் வந்தால் கையைத் தூக்கு' என்றான். மகரத்தில் இன்னொருவன் எழுதியது, 'மச்சான் சொன்னான் என்று குடியேல்'. இக்கடைசி வரிக்கு மதிப்பெண் இடுவதா, மாணவனைத் தனியே அழைத்துப் பேசுவதா என்று ஆசிரியை தயங்கினார். அத்தயக்கம் ஒன்றே அப்பயிற்சியின் தரத்தைக் காட்டப் போதுமானது. மனனக் கட்டுரைகள் எந்த ஆசிரியரையும் தயங்கச் செய்வதில்லை. ஔகாரத்தில் பலர் வெற்றிடம் விட்டிருந்தனர். அதனை நிரப்பும்படி கட்டாயப்படுத்த வேண்டா என்றே கூறினேன். பாரதியாரும் ஙகரத்தை விட்டவர்தான்.

கடலூரில்

கொள்கையுரைக்கும் வாழ்வுக்கும் உள்ள தொலைவு பற்றிய வினா எஞ்சுகிறது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூர் அருகே கைதானார். மூன்று வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். அங்கிருந்து ஆளுநர் பெண்ட்லண்டுக்கு எழுதிய விண்ணப்பத்தில், தாம் அரசியலிலிருந்து விலகியிருப்பதாக உறுதி கூறினார். டிசம்பரில் நிபந்தனைகளோடு விடுவிக்கப்பட்டு, மனைவியின் ஊராகிய கடையத்திற்குச் சென்றார். அச்சத்தை ஆறு இடங்களில் விலக்கிய நூலை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம் இச்செய்தியைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சொன்னால் நூலின் மதிப்புக் குறையும் என அஞ்சுகிறோம் போலும்.

நீதிநூலாகக் கொண்டால் குறையத்தான் செய்யும். உபதேசித்தவர் வழுவினார் என்று மாணவன் கூறிவிடுவான். வென்று முடித்தவரின் அறிவிப்பாகக் கொண்டாலும் அதே முடிவுதான். தமக்குத்தாமே இட்ட கட்டளையாகக் கொண்டால், கடலூர் விண்ணப்பம் நூலுக்கு வெளியே நிற்கும் இழுக்காகாது. அக்கட்டளை எத்தகைய மனிதருக்குத் தேவைப்பட்டது என்பதற்குச் சான்றாகும். நோய்வாய்ப்பட்ட உடலும் பத்தாண்டு வறுமையும் மனைவி மக்களும் உடையவர் எழுதிய விண்ணப்பம் அது. அதனை மன்னிக்கவோ கண்டிக்கவோ திறனாய்வுக்கு உரிமையில்லை, மறைக்கவும் உரிமையில்லை. மேல்நிலை வகுப்பு மாணவர்க்கேனும் அவ்விண்ணப்பத்தையும் 'சித்தக்கடலை'யும் புதிய ஆத்திசூடியோடு சேர்த்துத் தரலாம். பதினேழு வயதில் அவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

நூலின் இறுதி இரு கட்டளைகளையும் இந்நோக்கில் காணலாம். கடைசிக்கு முந்தியது, வையகத்திற்கே தலைமை ஏற்கச் சொல்கிறது. மேடைப் பேச்சாளர் பலர் அத்தோடு நிறுத்திக்கொள்வர். பாரதியார் நிறுத்தவில்லை. அதன்பின் இன்னொரு சிறு கட்டளை உள்ளது: பிறர் பொருளைப் பறிக்கும் இயல்பை விட்டுவிடு என்பது. வகரத்தில் ஐகாரத்துக்குப்பின் ஔகாரம் வந்ததால் அது அங்கே நிற்கிறது.